மலைவீட்டில் நிலம் அதிர்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தின் கட்ச் பகுதிக்கு மறுகட்டுமான வேலைக்குப் போய் மூன்று வருடம் இருந்தேன். அங்கே பின்னதிர்வு பழகிப்போனது, பயம் மட்டும் பழகவே இல்லை. ஊர் திரும்பிய பிறகு, எங்காவது நிலம் அதிர்ந்ததாகச் செய்தி வந்தால் போதும், தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள். குன்னூர், கூடலூர் என்று மட்டுமில்லை, கொடைக்கானலில் இருந்தும். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் உள்சுவர் விரிசலைக் காட்டித்தான் கேட்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டையும், வீட்டைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரையும் யாரும் காட்டுவதில்லை. நம் மலையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டையும்தான்.

நீலகிரியும் பழனி மலையும் பாறை மலைகள்தானே, இங்கே பூகம்பம் வருமா?

வரும். இமயமலைப் பக்கம் போல அடிக்கடியும் பெரிதாகவும் வராது, அவ்வளவுதான். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் ஒரு பூகம்பம் வந்திருக்கிறது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அதை உணர்ந்திருக்கிறார்கள். கோவைக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். 2000 டிசம்பர் 12 அன்று கேரளத்தில் இடுக்கி, ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5 அளவில் ஒன்று வந்தது. பழனி மலைக்கு அதுவும் தூரமில்லை.

நம் மலை சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய, கடினமான பாறை. ஆனால் நீலகிரியின் வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் ஓடும் வழிகள், பூமியின் மேலோடு என்றோ நசுங்கி நகர்ந்த பழைய பலவீனக் கோடுகள். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணய வரைபடம் நீண்ட காலமாகக் கோவை, நீலகிரிப் பக்கத்தை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அபாயத்தில்தான் வைத்திருந்தது. கொடைக்கானலில் 1899இல் சூரிய ஆய்வகம் தொடங்கினார்கள். சூரியனைப் பார்த்த அதே இடத்தில் நிலநடுக்கமானியும் நெடுங்காலம் ஓடியது.

வரைபடத்தை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. மகாராஷ்டிரத்தில் கில்லாரி அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாய மண்டலத்தில் இருந்த ஊர். 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன் வந்த 6.2 அளவு பூகம்பத்தில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். மண்சாந்தில் வைத்த தடித்த கல்சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. நம் பக்கத்திலும் பழைய கல்சுவர் வீடுகள் எத்தனை இருக்கின்றன!

ராத்திரி பாத்திரம் எல்லாம் கிடுகிடுத்தது. அது பூகம்பம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கத்தில் நடக்கும் சிறிய அதிர்வு, கனமான லாரி மேடு ஏறி வருவது போல ஓர் உறுமலோடு தொடங்கும். பிறகு ஓர் உதறல். சில விநாடிகளில் முடிந்துவிடும். வேகமாக வரும் முதல் அலை உறுமலைக் கொண்டுவரும், பின்னால் வரும் இரண்டாவது அலைதான் பக்கவாட்டில் உலுக்கும். தூரத்தில் வரும் பெரிய பூகம்பம் வேறு மாதிரி. 2004 டிசம்பர் 26 சுமத்ரா பூகம்பத்தின்போது சென்னையில் மாடியில் இருந்தவர்கள் அதிர்வை உணர்ந்தார்கள். நம்முடைய தாழ்ந்த வீடுகளில் அப்படிப்பட்டது தெரியாமலே போய்விடலாம்.

தகரக் கூரை வீடு என்றால் ஓர் அடையாளம் இருக்கிறது. காற்றுக்குக் கூரை மட்டும் சத்தம் போடும். நிலம் ஆடினால் கூரையோடு அடுக்களைத் தட்டில் இருக்கும் டம்ளரும் கதவு நாதாங்கியும் சேர்ந்து ஆடும்.

சந்தேகம் இருந்தால் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் இணையதளத்தையோ ‘பூகம்ப்’ செயலியையோ பாருங்கள். நேரம், இடம், அளவு, ஆழம் எல்லாம் இருக்கும். அதில் எதுவும் இல்லை, ஆனால் நீங்கள் உணர்ந்தது உண்மை என்றால், அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். வெடி வைத்திருக்கலாம், மேலே பாறை உருண்டிருக்கலாம், மண் நகர்ந்திருக்கலாம். வயநாட்டில் 2024 ஜூலை 30 மண்சரிவுக்குப் பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 9 காலை, பல ஊர்களில் நிலத்துக்கடியில் இருந்து சத்தம் கேட்டதாக மக்கள் சொன்னார்கள். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்றது மையம். அதற்காக ‘ஒன்றுமில்லை, போய்ப் படுங்கள்’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

கான்கிரீட் வீடு என்றால் ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் உள்சுவர் ஓரம் குனிந்து உட்கார்ந்து தலையையும் பிடரியையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடி வராந்தா, அலமாரி, தொங்கும் டிவி இவற்றின் பக்கம் வேண்டாம்.

மண்சாந்துக் கல்சுவர், ஓட்டுக் கூரை, எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு என்றால் கணக்கு வேறு. கதவு நாலு எட்டில் இருந்து, வெளியே திறந்த இடமும் இருந்தால் வெளியேறிவிடுவது நல்லது. திறந்த இடம் என்று சொல்வதைக் கவனியுங்கள். மேல்வரிசை வீட்டின் தடுப்புச்சுவருக்குக் கீழே இருக்கும் இரண்டடி நடைபாதை திறந்த இடம் ஆகாது. கற்பூர மரத்தடியும் ஆகாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவு குறைந்த இடம், கோயில் திடல், பள்ளி மைதானம் இப்படி ஓர் இடத்தை இன்றைக்கே வீட்டில் எல்லாருமாகப் பேசி முடிவு செய்து வையுங்கள்.

வாசல் நிலைக்கடியில் நிற்கலாம் என்கிறார்களே?

வேண்டாம். நிலைக்கு அந்த வலு இல்லை. கதவும் வேகமாக அடிக்கும், விரல் போய்விடும்.

நின்ற பிறகு முதல் பத்து நிமிடம்?

முதலில் செருப்பு. இதை கட்ச்சில் கற்றுக்கொண்டேன். உடைந்த கண்ணாடியில் கால் கிழிந்து வந்தவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். அன்று முதல் என் கட்டிலடியில் ஒரு ஜோடி செருப்பும் ஒரு டார்ச்சும் இருக்கின்றன.

அப்புறம் கேஸ். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குச் சொல்லுங்கள். வாசனை இல்லையென்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். அடி பட்டவர்கள் இருந்தால் 108. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070. மலையில் சிக்னல் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்த நான்கு எண்களையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்க, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் இப்போது ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

பின்னதிர்வு எத்தனை நாள் வரும்?

சிறிய அதிர்வுக்குச் சில மணி நேரம் அல்லது சில நாள். பெரியதற்கு மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில். கட்ச்சில் நான் இருந்த மூன்று வருடமும் வந்துகொண்டேதான் இருந்தது. பொதுவாக மிகப் பெரிய பின்னதிர்வே முதல் அதிர்வைவிட ஒரு புள்ளி குறைவாக இருக்கும். ஒரு புள்ளி என்றால் சக்தியில் ஏறத்தாழ 32 மடங்கு குறைவு. அபூர்வமாகப் பின்னால் வருவது பெரியதாகவும் இருந்துவிடும். அதனால் அடிவாங்கிய வீட்டுக்குள் ‘ஒரு நிமிஷம், நகையை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்’ என்று போகாதீர்கள்.

பயமாக இருக்கிறது. இரவு வெளியே படுத்துக்கொள்ளலாமா?

சமவெளியில் சொல்லும் பதிலை இங்கே அப்படியே சொல்ல முடியாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவில் பூஜ்ஜியத்தைத் தொடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டெருமையும் வீட்டு வாசல் வரை வருகின்றன. கூடலூர்ப் பக்கம் யானை. வீட்டில் புது விரிசல் எதுவும் இல்லை, மேடும் நன்றாக இருக்கிறது என்றால் உள்ளேயே, வாசலுக்கு அருகில் இருக்கும் அறையில், அலமாரி சாய்ந்து விழாத பக்கம் படுங்கள். கதவைப் பூட்டாமல் தாழ் மட்டும் போடுங்கள்.

வீடு சரியில்லை என்றால் தனித்தனியாக வெளியே கிடக்காமல், பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ நல்ல நிலையில் இருந்தால் ஊராக அங்கே சேருங்கள்.

ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் போதாது. கூடாரத்திலோ, காரிலோ, மூடிய அறையிலோ கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிருக்குக் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எத்தனை முறை வந்துவிட்டது. பூகம்பத்துக்குத் தப்பியவர்கள் இதற்குப் பலியாகக் கூடாது.

சுவரில் விரிசல் இருக்கிறது. பழையதா, புதியதா? வீட்டில் இருக்கலாமா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். “தம்பி, நேத்து பூமி ஆடுச்சு, செவுரு பொளந்துபோச்சு, வந்து பாரு.” போனேன். மையத்தின் பட்டியலில் அதிர்வு எதுவும் இல்லை. பக்கத்து ரோட்டு வேலைக்கு வெடி வைத்திருந்தார்கள். அடுக்களை ஜன்னலின் மேல்மூலையில் இருந்து சாய்வாக ஒரு விரிசல் கூரை வரை ஓடியது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். விரிசலின் கீழ்ப்பாதிக்குள் அடுப்புக் கரியும் ஒட்டடையும், அதற்கும் அடியில் எப்போதோ அடித்த நீலச் சுண்ணாம்பும் இருந்தன. அது பல வருட விரிசல். ஆனால் மேலே ஒரு முழ நீளத்துக்கு ஓரங்கள் கூர்மையாக, உள்ளே வெளிறிய சாந்து பளிச்சென்று தெரிந்தது. கீழே தட்டின் மேல் பொடி உதிர்ந்திருந்தது. அந்த ஒரு முழம்தான் புதியது.

“அப்ப பொளந்தது நிஜந்தானே?” என்றார்.

“நிஜந்தான்க்கா. பழசு நீண்டிருக்கு. இனிமே நீளுதா, நின்னுடுச்சா, அதைத்தான் பாக்கணும்.”

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். பிறகு நடுவில் ஓரிடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு ஓரத்தையும் எம்-சீல் போட்டு ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி தெறித்துவிடும். பத்து ரூபாய்ச் செலவு. பூச்சின் மேலேயே ஒட்டினால் பூச்சு உப்பியதற்கும் கண்ணாடி உடையும், அதனால்தான் கொத்தி எடுத்தது.

பூச்சில் மட்டும் மயிரிழை போல் ஓடுவது கவலைப்பட வேண்டியதில்லை. சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தால், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால், இரண்டு ஜன்னலுக்கு நடுவே பெருக்கல் குறி போல் இருந்தால், இரு சுவர்கள் சேரும் மூலை மேலிருந்து விட்டுப்போயிருந்தால், கல்சுவர் வயிறு தள்ளியிருந்தால், அந்த அறையில் அன்று இரவே படுக்க வேண்டாம். பொறியாளரைக் கூப்பிடுங்கள். வயிறு தள்ளியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கூரையில் இருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கதவு திடீரென்று இடித்தாலும், ஜன்னல் மூடாமல் போனாலும் அதே கவனம் வேண்டும்.

விரிசலை உடனே சாந்து வைத்து மூடி வெள்ளையடித்துவிடாதீர்கள். அது அடைத்தது போல் இருக்கும். ஆனால் அது நகர்கிறதா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, கீழே தடுப்புச்சுவர். எதைப் பார்ப்பது?

அதிர்வு நின்று வெளிச்சம் வந்ததும் மேட்டின் உச்சிக்கு, ஆபத்தில்லாத வழியாக, போய்ப் பாருங்கள். மேட்டின் விளிம்புக்கு இணையாக, பிறை போல் வளைந்த பிளவு தரையில் இருக்கிறதா? மரமும் மின்கம்பமும் நேற்றைவிடச் சாய்ந்திருக்கின்றனவா? புதிதாக எங்காவது ஊற்று கசிகிறதா? எப்போதும் தெளிவாக வரும் ஊற்று கலங்கி வருகிறதா? ஓடை திடீரென்று வற்றிவிட்டதா? ஓடை வற்றினால் நல்லதல்ல, மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை மறித்திருக்கலாம், அது ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

பிளவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. 2011 செப்டம்பர் 18 சிக்கிம் பூகம்பத்தின்போது அங்கே மழைக்காலம், மண் ஏற்கெனவே ஊறியிருந்தது, நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தது. நமக்குப் பூகம்பமே தேவைப்படவில்லை. 1993 நவம்பரில் குன்னூர்ப் பக்கம் மரப்பாலம் என்ற இடத்திலும், 2009 நவம்பரில் நீலகிரி முழுதும், மழை ஒன்றே போதுமாக இருந்தது. 2009இல் இறந்தவர்கள் 40 பேருக்கு மேல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதிர்ந்து தளர்ந்த மேட்டின் மேல் அப்படி ஒரு மழை பெய்தால் என்ன ஆகும்? அதனால் பிளவைக் களிமண்ணால் நிரப்பி இறுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, மழைநீர் பக்கவாட்டில் ஓட வாய்க்கால் வெட்டுங்கள். இது தற்காலிகம்தான்.

தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊரில் பாதிச் சுவர்களில் அவை மண்ணும் பாசியும் அடைத்துத்தான் கிடக்கின்றன. தண்ணீர் வெளியேற முடியாமல் பின்னால் தேங்கினால், எத்தனை தடித்த சுவரையும் தள்ளிவிடும். பாத்ரூம், அடுக்களைத் தண்ணீரை மேட்டில் விடவே விடாதீர்கள். மேட்டை நேராக்குகிறேன் என்று அடியில் மண்ணை வெட்டுவதும் கூடாது. மண் அள்ளும் எந்திரத்துக்கு நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பது சும்மா வைத்த விதி இல்லை.

கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் என்றால் ஜூனுக்கு முன்பும், கோத்தகிரி, குன்னூர், பழனி மலைப் பக்கம் என்றால் அக்டோபருக்கு முன்பும் இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

எங்கள் வீடு சரிவில் தூண்கள் மேல் நிற்கிறது. பரவாயில்லையா?

மலைப்பக்கம் குட்டைத் தூண், பள்ளத்துப் பக்கம் நெட்டைத் தூண் என்றுதான் கட்டியிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு நெட்டைத் தூண்தான் பயம் தரும். உண்மையில் அதிர்வில் முதலில் உடைவது குட்டைத் தூண். வளைந்து கொடுக்காததால் மொத்த உலுக்கலையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. அதிர்வுக்குப் பிறகு டார்ச்சோடு வீட்டுக்கடியில் மலைப்பக்கம் போய், அந்தக் குட்டைத் தூண்களில் சாய்வான விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டுக்குள் போகாதீர்கள்.

பழைய பங்களா, சிம்னி இருக்கிறது.

கூரைக்கு மேல் நீண்டு நிற்கும் செங்கல் சிம்னி சீக்கிரம் விழக்கூடிய ஒன்று. அதற்கு நேர் கீழே கட்டிலைப் போடாதீர்கள். அதிர்வுக்குப் பிறகு சிம்னியை ஆள் ஏறிப் பார்க்கும் வரை கணப்பில் தீ மூட்ட வேண்டாம். உள்ளே விரிசல் இருந்தால் புகை அறைக்குள் வரும், கூரைக் கட்டையிலும் தீப்பிடிக்கும்.

மேலே அணைகள் இருக்கின்றன. அவை தாங்குமா?

அணையால் அதிர்வு வருமா என்றும் கேட்கிறார்கள். வரலாம். 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் வந்த பூகம்பம் நீர்த்தேக்கத்தோடு தொடர்புடையதாக உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. அந்த அணையில் விரிசல் விழுந்தது, ஆனால் அணை நின்றது, பிறகு வலுப்படுத்தினார்கள். நம் பக்கம் முக்கூர்த்தி, எமரால்டு, அப்பர் பவானி என்று வரிசையாக அணைகள். ஆற்றோரம் குடியிருப்பவர்கள் சைரன் கேட்டால் எந்தப் பாதையில் மேலே ஏறுவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ‘அணை உடைந்தது’ என்று வந்தால் 1077இல் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

பூகம்பம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நாளும் நேரமும் குறித்து யாராலும் சொல்ல முடியாது.

நிவாரணம், இன்சூரன்ஸ்?

எதையும் அப்புறப்படுத்தும் முன் படம் எடுங்கள். தூரத்தில் இருந்து ஒன்று, கிட்டத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தார் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பூகம்பமும் மண்சரிவும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் வருகின்றன. 2022-26 விதிமுறைப்படி மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். வீடு திரும்பக் கட்ட அது போதாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி பூகம்பம், மண்சரிவு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. மலையில் வீடு வைத்திருப்பவர்கள் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

ஆடாதபோதும் ஆடுவது போல் இருக்கிறது. பிள்ளைகள் தூங்க மறுக்கிறார்கள்.

எனக்கும் இருந்தது. கட்ச்சில் இருந்து வந்த பிறகும் பல மாதம், பஸ் போனால் எழுந்து உட்காருவேன். அங்கே ஒரு முதியவர் சொல்லிக் கொடுத்ததைச் செய்தேன். படுக்கைப் பக்கத்தில் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் டார்ச் அடித்துத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் அசையவில்லை என்றால் ஆடுவது நிலமில்லை, நம் உடம்புதான். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி ஆகிவிடும், அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ‘பயப்படாதே’ என்று அதட்டுவதைவிட, எங்கே ஒளிய வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று பகலில் இரண்டு முறை செய்து காட்டுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

புது வீடு கட்டப் போகிறோம். மேஸ்திரியிடம் என்ன கேட்க வேண்டும்?

பிளிந்த் (தரைமட்டம்), லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்), கூரை மூன்று மட்டத்திலும் சுவரைச் சுற்றி விடுபடாமல் கான்கிரீட் பெல்ட் போடச் சொல்லுங்கள். மூலைகளில் நிற்கும் கம்பி வேண்டும். தூண் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டும்போது நுனியை 135 டிகிரி உள்ளே மடக்க வேண்டும், வெறும் எல் போல மடக்கினால் அதிர்வில் விரிந்துவிடும். கல்சுவர் என்றால் இரு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கல் இடையிடையே வர வேண்டும். கில்லாரியில் இல்லாமல் போனவை இவைதான். பூகம்பம் தாங்கும் கட்டடத்துக்கான இந்தியத் தரநிலை ‘ஐஎஸ் 4326’ என்று சொன்னால் பொறியாளருக்குப் புரியும். சாந்து போட்டு மூடும் முன் நீங்களே போய்ப் பாருங்கள்.

விரிசலில் ஒட்டிய கண்ணாடியை எப்போது எடுக்கலாம்?

ஒரு முழு மழைக்காலம் தாண்டட்டும். அந்த எஸ்டேட் அக்கா வாரம் ஒருமுறை அடுப்படியில் நின்று பார்த்துச் சொல்வார். ஐப்பசி மழையில் ஒருநாள் போன் வந்தது, “தம்பி, கண்ணாடி தெறிச்சுடுச்சு” என்று. போய்ப் பார்த்தால் பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் நான்கு விரல் நீண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் அடைத்து, தண்ணீர் சுவரடியில் நின்றது. அன்று மாலையே அவர்கள் மேல்வரிசையில் தங்கை வீட்டுக்கு மாறினார்கள். வாய்க்காலை வெட்டிவிட்டு, சுவரை முட்டுக் கொடுத்து, தை மாதம் அந்தப் பகுதியை இடித்து லிண்டல் பெல்ட்டோடு திரும்பக் கட்டினோம். இப்போது அந்த ஜன்னல் மூலையில் விரிசல் இல்லை. தெறித்த கண்ணாடித் துண்டை மட்டும் அக்கா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.